அப்பா காவலுக்குப் போன வகுப்பு

எங்கள் சித்தி ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில் முகத்துக்குப் பவுடர் பூசத் தொடங்கியதும் அப்பாவுக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

சித்தி அம்மாவின் தங்கை. புருஷன் விட்டுப் போனபின் மும்பை தாராவியில் எங்களோடுதான் இருந்தாள். மழை நின்றதும் கோவண்டிப் பக்கம் தண்டவாளத்தோரக் கீரைத் தோட்டங்களில் கூலிக்குப் போவாள். மழை பிடித்தால் தோட்டம் முங்கிவிடும், வேலையும் போய்விடும். இப்போது போன் வந்தால் சந்துக்குப் போய்ப் பேசினாள். ஞாயிற்றுக்கிழமை எங்கே என்று கேட்டால், கூடவேலை பார்க்கிற பிகார்க்காரி வீட்டுக்கு என்றாள். அப்பா தோல் பட்டறைக்காரர். எதையும் முகர்ந்து பார்த்துத்தான் நம்புவார். என்னைச் சித்தியோடு அனுப்பிவைத்தார்.

"எங்க போறா, யாருட்ட பேசுதான்னு பாத்துட்டு வா புள்ள."

கோவண்டியில் ஒரு தகரக்கூரை அறை. தோட்டக் கூலிகள், ஆணும் பெண்ணுமாகத் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். இளவயது வாத்தியார் ஒருவர் கரும்பலகையில் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார். பள்ளிக்கூடம் போகாமலே பத்தாவது பரீட்சை எழுதலாமாம்; அதற்கு இங்கே இலவசமாகச் சொல்லித்தருகிறார்களாம். திரும்பும் வழியில் சித்தி, "பாஸானப்பெறவு நானே சொல்லுதேன். முந்தியே தெரிஞ்சா உங்கப்பா விடமாட்டாரு," என்றாள்.

அப்பாவிடம் எதையும் மறைக்க எனக்கு வராது. படிப்பு என்றதும் அவர் சந்தேகம் இரண்டு மடங்கானது.

"சும்மா எவன் சொல்லிக்குடுப்பான்? இதுல என்னமோ இருக்கு."

மறுவாரம் அவரே எங்களோடு வந்து, வாசலோரம் சாய்ந்துகொண்டு வாத்தியாரையே முறைத்தார். படிக்க வந்தவர் என்று நினைத்த வாத்தியார், எதுவரை படித்திருக்கிறீர்கள் என்று இந்தியில் கேட்டார். சித்திதான் தலையைத் திருப்பாமல் ஏழாவது என்றாள். அப்பாவின் முகம் கறுத்துப்போயிற்று. வாத்தியார் ஒரு பென்சிலை நீட்டினார்.

அன்றிலிருந்து அப்பா வாராவாரம் காவலுக்கு வந்தார். வாசலிலிருந்து நடு அறைக்கு நகர்ந்து, பிறகு முன்வரிசைக்கே போய்விட்டார். போர்டில் இருப்பதையெல்லாம் எழுதிக்கொள்வார். அம்மா கேட்டால், அவன் என்னத்தைச் சொல்லித்தருகிறான் என்று தெரியவேண்டாமா என்பார். வீட்டிலும் சித்தியை உட்காரவைத்துப் பின்னக்கணக்கைத் துருவித்துருவிக் கேட்பார். போலீஸ் விசாரணைபோல இருக்கும். சித்தி மட்டும் ஏனோ பொறுமையாகப் பதில் சொல்வாள்.

பரீட்சையன்று அப்பாவும் இஸ்திரி போட்ட சட்டையோடு கிளம்பினார், துணைக்கு என்று. பரீட்சை எழுதுகிறவர்களைத் தவிர யாரையும் கேட்டுக்குள் விடவில்லை. அம்மாவும் நானும் வெளியிலேயே நின்றுவிட்டோம். சித்தி போனாள். அப்பா வாட்ச்மேனிடம் ஏதோ சீட்டைக் காட்டிவிட்டு அவள் பின்னாலேயே போனார். அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

பரீட்சை ஹாலில்கூடச் சித்தியை நிம்மதியாக விடமாட்டாரா என்று எனக்கு அப்பாமேல் கோபம் கோபமாக வந்தது.