அம்மா எடுத்த ஸ்பேனர்

நேற்று சேலையூர் கேம்ப் ரோடு சிக்னலில் பழைய டீசல் கார் ஒன்று என் ஸ்கூட்டருக்குப் பக்கத்தில் வந்து நின்றது. அந்தத் தடதடப்பும் புகை வாசனையும் என்னை எட்டு வயதுக்குக் கொண்டுபோய்விட்டன.

பெருங்களத்தூரில் எங்கள் வீட்டிலும் அப்படி ஒரு கார் இருந்தது. ஞாயிறு சர்ச் முடிந்து வந்ததும் அப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பானெட்டைத் திறப்பார். ஆயில் பார்ப்பார், டீசல் ஃபில்டரில் தேங்கிய தண்ணீரை வடிப்பார், கைப்பம்பை அழுத்திக் குழாயில் புகுந்த காற்றை வெளியேற்றுவார். வேறு யாரும் தொடக்கூடாது. அம்மா சமையலறை ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டிருப்பாள்.

ஒரு மழைக்காலக் காலையில் எனக்கு மூச்சுத்திணறல் வந்தது. ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில், ஜி.எஸ்.டி. ரோட்டில் கார் நின்றுவிட்டது. டீசல் குழாயில் காற்று புகுந்திருந்தது. அப்பா ஸ்பேனரை எடுத்தார். நான் மூச்சுக்குத் தவிப்பதைக் கேட்டுத் திரும்பித் திரும்பி என்னையே பார்த்தார். ஸ்பேனர் திருகில் நிற்கவே இல்லை.

"பிள்ளைய நீங்க வச்சுக்குங்க" என்று என்னை அவரிடம் கொடுத்துவிட்டு அம்மா ஸ்பேனரை எடுத்துக் குனிந்தாள். ஃபில்டர் திருகைத் தளர்த்திக் கைப்பம்பை அழுத்தினாள். காற்றோடு நுரைத்து வந்த டீசல் தெளிந்ததும் திருகை இறுக்கினாள்.

"இப்ப ஸ்டார்ட் பண்ணுங்க."

இன்ஜின் பிடித்துக்கொண்டது.

"உனக்கு எப்படித் தெரியும்?" என்றார் அப்பா.

"இத்தனை வருஷமா ஜன்னல்ல நின்னு வேற என்னத்தப் பாத்தேன்?"

ஆஸ்பத்திரியில் ஊசி போட்டதும் எனக்கு மூச்சு சீரானது. அடுத்த ஞாயிறு அப்பா பானெட்டைத் திறந்துவிட்டு, ஒன்றும் செய்யாமல் நின்றார். பிறகு வீட்டுக்குள் பார்த்து அம்மாவைக் கூப்பிட்டார்.

"மேரி, வர்றியா? ஆரம்பிக்கலாம்."

சிக்னலில் பச்சை விழுந்தது. அந்தக் காரை முன்னால் போகவிட்டு, நான் மெதுவாகப் பின்னால் போனேன்.