டீசலுக்கு ஒரு மருந்து

என் கணவர் லாரி டீசலுக்கு மருந்து விற்ற காலத்தில் எங்கள் வீட்டில் ஒரு வெள்ளைத் துண்டுகூட வெள்ளையாக இருந்ததில்லை.

அப்போது துபாயில், கராமாவில் பழைய கட்டடமொன்றில் குடியிருந்தோம். நான் பக்கத்துத் தெருவிலிருந்த கிளினிக்கில் நர்ஸ். அவர் அல் குசைஸில் ஒரு ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் சேல்ஸ்மேன். இரண்டாயிரத்துக்குப் பிறகு துபாய் முழுக்கக் கட்டடங்கள் எழும்பிக்கொண்டிருந்த வருடங்கள். ஃபுஜைரா பக்கத்து மலைகளிலிருந்து கல் ஏற்றிக்கொண்டு டிப்பர் லாரிகள் கறுப்புப் புகையைக் கக்கியபடி வந்துகொண்டே இருக்கும். புகை விடும் வண்டியைப் பிடிக்கிறார்கள் என்று பேச்சு கிளம்பியதும், அவருடைய கடை முதலாளி எங்கிருந்தோ ஒரு திரவத்தை வரவழைத்தார். டீசல் டேங்கில் ஊற்றினால் எஞ்சினில் கரி சேராது, புகை குறையும் என்றார்கள்.

அதை நிரூபிக்க என் கணவர் ஒரு வழி கண்டுபிடித்தார். வண்டியை ஸ்டார்ட் செய்து, புகைக்குழாய் வாயில் வெள்ளைத் துண்டைப் பிடித்துக்கொண்டு ஆக்ஸிலேட்டரை மிதிக்கச் சொல்வார். துண்டு அடுப்புத்துணி மாதிரி ஆகிவிடும். மருந்து ஊற்றிச் சில வாரம் ஓட்டியபின் அதே வண்டியில் இன்னொரு துண்டு. இரண்டையும் விரித்துக் காட்டினால் லாரி முதலாளிகள் மயங்கிவிடுவார்கள் என்பது அவர் கணக்கு. துண்டுகள் மட்டும் என்னுடையவை.

"இஞ்ச பாருங்க, இது நான் மூஞ்சி தொடைக்கதாக்கும். கடையில வேஸ்ட் துணி இல்லியா?"

"அதெல்லாம் கலர் துணி. வெள்ளையில காட்டினாத்தான் வித்தியாசம் தெரியும்."

டீசல் கரி எந்த சோப்புக்கும் அசையாது. ப்ளீச்சில் ஊறவைத்தால் கறுப்பு சாம்பல் நிறமாகும், அவ்வளவுதான். அதைவிட எனக்கு எரிச்சலாக இருந்தது 'மருந்து' என்று அவர் வாய் நிறையச் சொல்வது.

"மருந்து குடுத்தா அதனால என்ன கோளாறு வரும்னும் சொல்லிக் குடுக்கணும். எங்க கிளினிக்குல அப்படித்தான்."

"சொல்லிட்டுத்தான் குடுக்கேன்."

சொன்னார்தான். எப்படிச் சொன்னார் என்பது ஒரு வெள்ளிக்கிழமை தெரிந்தது.

அன்று சாயங்காலம் ஷார்ஜா கோயிலில் என் தங்கச்சியின், சித்தி மகளின், குழந்தைக்கு ஞானஸ்நானம். குழந்தையைக் கையில் ஏந்தி நிற்க வேண்டிய ஞானத்தாய் நான்தான். குழந்தைக்கு வெள்ளைக் கவுன், தொப்பி எல்லாம் நானே தேடி வாங்கி வைத்திருந்தேன். பட்டுச்சேலை கட்டி, மதியச் சாப்பாடு முடித்து, ஒத்தாசைக்கு முன்கூட்டியே போகலாமென்று காரில் ஏறப்போகும்போது அவருடைய போன் அடித்தது. திருநெல்வேலிக்காரர் ஒருவர், நாலைந்து டிப்பர் வைத்து ஓட்டுகிறவர். அவர் போட்ட சத்தம் போனுக்கு வெளியே எனக்கே கேட்டது.

"என்ன தம்பி, மருந்தா ஊத்துனீரு, வெசமா ஊத்துனீரு? லோடு வண்டி தைத் ரோட்டுல நின்னுட்டுல்லா!"

"அண்ணாச்சி, டீசல் ஃபில்டர மாத்துனீங்களா? நான் அன்னைக்கே சொன்னம்லா."

"எப்ப சொன்னீரு? எங்கிட்டயா சொன்னீரு?"

போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "ஒரு எட்டு பாத்துட்டு அப்படியே கோயிலுக்குப் போயிரலாம். ஃபில்டர் நம்ம டிக்கியில கெடக்கு."

தைத் என்றால் ஷார்ஜாவைத் தாண்டிப் பாலைவனத்துக்குள் நெடுந்தூரம் போக வேண்டும். எனக்கு லைசென்ஸ் கிடையாது. டாக்ஸியில் போகிறேன் என்றேன். மதிய வெயிலில், வெள்ளிக்கிழமைத் தொழுகை விட்டுக் கூட்டம் வெளியே வரும் நேரத்தில், தெருமுனையில் நின்று பார்த்தேன். ஒரு டாக்ஸிகூட நிற்கவில்லை. வேறு வழியில்லாமல் அவருடைய காரிலேயே ஏறினேன்.

வழியில் கேட்டேன். "உண்மையைச் சொல்லுங்க. ஃபில்டர் மாத்தணும்னு சொன்னீங்களா?"

"சொன்னேன். சிரிச்சிக்கிட்டே சொன்னேன்."

"அதென்ன சிரிச்சிக்கிட்டே?"

"அழுத்திச் சொன்னா மருந்தே வேண்டாம்னுருவாரு. அதான்."

பிறகுதான் முழுக் கதையும் வந்தது. அந்த மருந்து டேங்கின் அடியில் வருடக்கணக்காகப் படிந்திருந்த கசடையும் கரைத்துவிடுமாம். கரைந்த கசடு ஃபில்டரில் போய் அடைக்குமாம். அதனால் ஊற்றிய சில நாளில் ஃபில்டரை மாற்றியே ஆக வேண்டுமாம். இதைத்தான் இந்த மனிதர் ஒரு பகடி மாதிரி சொல்லிவிட்டு வந்திருக்கிறார்.

டிப்பர் மண்ணோரமாக, கல் பாரத்தோடு ஒருச்சாய்ந்து நின்றது. டிரைவர் ஒரு பட்டாணியர், தாடியெல்லாம் தூசி. இவரைக் கண்டதும், "ஆயியே டாக்டர் சாப், காடி கோ ஹார்ட் அட்டாக் ஹோகயா" என்றார். வண்டிக்கு மாரடைப்பாம். எனக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும். வரவில்லை.

பழைய ஃபில்டரைக் கழற்றினார்கள். உள்ளே தார் மாதிரி வழவழவென்று கறுப்பு. டிக்கியிலிருந்த புது ஃபில்டரை எடுத்துப் பொருத்திப் பார்த்தார்கள். அது வேறு கம்பெனி வண்டியின் ஃபில்டர்.

அங்கிருந்து தைத் பஜாருக்குப் போனோம். தொழுகைக்கு அடைத்த கடைகள் இன்னும் திறக்கவில்லை. இறக்கிய ஷட்டருக்கு முன்னால் ஏசி போட்டபடி உட்கார்ந்திருந்தோம். தங்கச்சி போன் செய்துகொண்டே இருந்தாள்.

"எக்கா, எங்க இருக்கிய?"

"வந்துட்டே இருக்கோம்" என்றேன். ஷட்டரைப் பார்த்துக்கொண்டு அதைச் சொன்னபோது பக்கத்திலிருந்தவரைக் கொன்றுவிடலாம் போலிருந்தது. அவரோ, "கடைக்காரன் வந்துருவான், மலபாரிதான், நல்ல பையன்" என்று எனக்கு ஆறுதல் சொன்னார்.

ஒருவழியாகக் கடை திறந்து, ஃபில்டர் வாங்கி, திரும்பிப் போய் மாட்டி, குழாயில் புகுந்த காற்றைக் கைப்பம்பால் அடித்து வெளியேற்றியபின் எஞ்சின் உறுமியது. முதலில் ஒரு பெரிய கறுப்பு மேகம். பிறகு புகை மெலிந்து, வெளிறி, இருக்கிறதா என்று உற்றுப் பார்க்கும்படி ஆனது.

"பாத்தியா? எவ்வளவு கொறைஞ்சிருக்கு பாத்தியா?" என்று குதித்தார். குறைந்துதான் இருந்தது. நான் போய்க் காரில் உட்கார்ந்துகொண்டேன்.

கோயிலை அடைந்தபோது எல்லாரும் முற்றத்தில் நின்று கேக் தின்றுகொண்டிருந்தார்கள். நான் வாங்கிய கவுனில் குழந்தை, அதன் அப்பாவுடைய அக்காவின் கையில். அவர்தான் எனக்குப் பதிலாக நின்றிருக்கிறார். ஃபாதருக்கு அடுத்த பூசை இருந்ததாம், காத்திருக்க முடியவில்லையாம். தங்கச்சி வேறெங்கோ பார்த்தபடி கேக்கை மட்டும் கொண்டுவந்து நீட்டினாள். இவர் இரண்டு துண்டு வாங்கிச் சாப்பிட்டார்.

அண்ணாச்சி மருந்து ஊற்றிய மிச்ச வண்டிகளிலும் ஃபில்டரை மாற்றினார். எல்லாவற்றிலும் புகை குறைந்தது. அடுத்த தடவை இவர் மருந்தோடு போனபோது, "எல்லாம் ஃபில்டர் மாத்தினதுல சரியாயிட்டு தம்பி, இனி மருந்து என்னத்துக்கு?" என்று திருப்பி அனுப்பிவிட்டார். அன்று வீட்டுக்கு வந்து இவர் குதித்த குதியைப் பார்க்க வேண்டுமே. மருந்துதான் காரணம் என்று யாரிடம் நிரூபிப்பது? என்னிடம் நிரூபிக்கப் பார்த்தார். நான் துவைக்கிற துணியைத் தேடிக்கொண்டு போய்விட்டேன். கொஞ்ச காலத்தில் கடையே அந்தச் சரக்கை நிறுத்திவிட்டு, இவரை பேட்டரி விற்க அனுப்பியது.

தங்கச்சி பல மாதம் பேசவில்லை. பிறகு ஒருநாள் குழந்தைக்குத் தடுப்பூசி போட என் கிளினிக்குக்கே வந்தாள். வேறு நர்ஸ் இல்லை. நான் ஊசி போட்டதும் குழந்தை வீறிட்டு அழுதது. அதைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டே என்னைப் பார்த்தாள்.

"ஞானத்தாயா நிக்க நேரமில்லை. ஊசி குத்த மட்டும் நேரமிருக்கு, இல்லியா எக்கா?"

நான் பஞ்சை எடுத்துக் குழந்தையின் தொடையில் வைத்து அழுத்தினேன். அவள் போகவில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"அத்தான் இப்பம் என்ன விக்காரு?"

"பேட்டரி."

"பாவம், யாருக்கெல்லாம் வண்டி நிக்கப் போகுதோ" என்றாள். பிறகு, அடுத்த வெள்ளிக்கிழமை சாப்பிட வரச் சொன்னாள். பஸ்ஸில் வரச் சொன்னாள்.