தொண்டைமானாற்றில் நான் இறுக்கிய நட்டுகள்

நான் வசிக்கும் நோர்வேயின் இந்தச் சிறிய கரையோர நகரத்தில் ஏப்ரல் பிறந்தால் படகுகள் தெருவால் போகத் தொடங்கும். கார்களுக்குப் பின்னால் இரண்டு சக்கர ட்ரெயிலர்களில் ஏறி வந்து, சிவப்பு விளக்குக்கு நின்று, பச்சை விழுந்ததும் புறப்பட்டுப் போகும். வந்த முதல் வருடம் பஸ் தரிப்பில் நின்றபோது ஒரு படகு எனக்குப் பக்கத்தில் வந்து நின்றது. அதன் அடி என் முகத்துக்கு நேரே இருந்தது. எங்களுடைய ஊரில் வள்ளத்தின் அடியை முழுதாகப் பார்ப்பதென்றால் ஒன்றில் அது பழுதுபார்க்கக் கவிழ்த்துப் போட்டதாக இருக்கும், இல்லையென்றால் கடலில் யாருக்கோ ஏதோ நடந்திருக்கும். நான் இரண்டு அடி பின்வாங்கினேன். பஸ்ஸுக்கு நின்ற மற்றவர்கள் அதைத் திரும்பியும் பார்க்கவில்லை.

அந்தப் படகுகளே பிறகு எனக்குச் சோறு போட்டன. ஓட்வார் என்பவருடைய படகுப் பட்டறையில் பத்தொன்பது வருடமாக வேலை செய்கிறேன். ட்ரெயிலர்களைப் படகுகளுக்குப் பொருத்துவது என் பகுதி. கடைக்குப் போய் ஒரு ட்ரெயிலரை வாங்கிப் படகை ஏற்றிவிட்டால் காரியம் முடிந்தது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை. படகின் முதுகெலும்பு உருளைகளில் சரியாக அமர வேண்டும். மூக்கு முன்கட்டையில் முட்ட வேண்டும். எல்லாவற்றையும்விட முக்கியம், ட்ரெயிலரைக் காரோடு மாட்டும் கொழுவியில் விழும் பாரம். பின்னுக்கு எஞ்சின் தொங்குவதால் படகு பின்பாரமாக இருக்கும். கொழுவியில் பாரம் குறைந்தால் ஓடும்போது ட்ரெயிலர் வாலை ஆட்டத் தொடங்கும். அதற்காக அச்சைத் தாங்கும் யூ வடிவ போல்ட்டுகளைக் கழற்றி, அச்சை முன்னுக்கோ பின்னுக்கோ நகர்த்தித் திரும்ப இறுக்குவோம். நகர்த்தியபின் சிறிது தூரம் ஓடிவிட்டு மறுபடியும் இறுக்க வேண்டும். அதற்கு இவர்களிடம் தனிச் சொல்லே இருக்கிறது: எத்தர்ஸ்த்ரம்மிங். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஓட்வார் அதைச் செய்யச் சொன்னார். நான் 'யா' என்றேன். மாலையில் வந்து பார்த்தார், செய்யவில்லை. "நீ ஆம் என்று சொன்னாயே" என்று கேட்டபோது அவருடைய முகம் சிவந்திருந்தது. அவர் சொல்வது காதில் விழுந்தது என்பதற்குத்தான் நான் யா சொன்னேன் என்பதை விளக்க என்னிடம் அன்று மொழி இல்லை. எங்களுடைய ஓம் அப்படியானது. கேட்டுக்கொண்டிருக்கிறேன், நீங்கள் கதையுங்கோ என்பதுதான் அதன் முதல் பொருள். இவர்களுடைய யா கையெழுத்து மாதிரி, சொன்னால் செய்தாக வேண்டும்.

போன வருடம் ஆவணியில் ஊருக்குப் போனேன். தொண்டைமானாற்றில் அக்கா வீட்டில் தங்கினேன். அத்தான் கடற்றொழிலாளி. வாடைக்காற்றுக் காலத்தில் வடக்குக் கடலில் இறங்க முடியாது என்பதால், அந்த மாதங்களில் தன்னுடைய பைபர் வள்ளத்தைத் தெருவால் இழுத்துக்கொண்டுபோய்த் தெற்குப் பக்கத்து ஆழமில்லாத கடலில் இறக்கித் தொழில் செய்வார். அதற்கு ஒரு ட்ரெயிலர் வைத்திருந்தார். தண்ணீர் ஏற்றும் பழைய பவுசர் வண்டி ஒன்றின் சட்டத்தில் ஒட்டுவேலை செய்து எடுத்தது. வள்ளத்தை ஏற்றி, வாடகை ட்ரக்டரில் கொழுவி இழுக்கும்போது நாலு பேர் இரண்டு பக்கமும் கை பிடித்து நடந்து வருவார்கள். ஒருவர் வள்ளத்தின் முன்பக்கத்துக்குள் ஏறிப் பாரத்துக்காகக் குந்தியிருப்பார். முழுப் பயணத்துக்கும் அரை நாள் எடுக்கும். வாலாட்டத்தை மனிதரை வைத்து அடக்குகிறார்கள் என்பது எனக்குப் பார்த்தவுடனேயே விளங்கிவிட்டது.

"அத்தான், உது பிழை. ஆரும் விழுந்தால் சில்லுக்குள்ளைதான் போவினம்" என்றேன்.

"இவ்வளவு நாளும் ஒருத்தரும் விழேல்லைத் தம்பி."

"நான் சரிப்பண்ணித் தாறன். ஒரு நாள் வேலை."

அவர் சிரித்தார். "நீர் லீவிலை வந்தனீர். உதுக்கே வந்தனீர்?"

நான் விடவில்லை. உண்மையைச் சொன்னால், அந்த வீட்டில் எனக்குச் செய்யத் தெரிந்தது வேறொன்றும் இல்லை. வலை பின்னத் தெரியாது, காற்றைப் பார்த்து நாளைய கடலைச் சொல்லத் தெரியாது. இருபது வயதில் புறப்பட்டவன். ட்ரெயிலர் ஒன்றுதான் நான் ஏதோ அறிந்த ஆளாக நிற்கக்கூடிய இடம். சந்தியில் இருந்த கராஜில் பெரிய ஸ்பனர் ஒன்றை இரவலாக வாங்கி வந்தேன். அச்சைப் பிடித்திருந்த போல்ட்டுகளின் நட்டுகளை இளக்கி, அச்சை ஒரு சாண் பின்னுக்குத் தள்ளித் திரும்ப இறுக்கினேன். முன்கட்டையை வள்ளத்தின் மூக்குக்கு அளவாக மாற்றி வைத்தேன். பின்பக்கத்தைச் சட்டத்தோடு சேர்த்துப் பட்டியால் கட்டினேன். கொழுவியை அத்தானையே தூக்கிப் பார்க்கச் சொன்னேன். முன்பு ஒரு கையால் தூக்கியவர் இப்போது இரண்டு கையாலும் மூச்சுப் பிடித்துத் தூக்கினார். "ஆ, இப்ப நிலத்தைப் பிடிக்குது" என்றார். ட்ரக்டரில் கொழுவிச் சந்திவரைக்கும் போய் வந்தோம். வால் ஆடவில்லை. அயலில் நின்றவர்கள் எல்லாருக்கும் கேட்கிற மாதிரி நான் சொன்னேன்: "இனி ஒருத்தரும் பிடிச்சு நடக்கத் தேவையில்லை. உள்ளுக்கும் ஆள் இருக்கத் தேவையில்லை. முப்பது ஸ்பீட்டிலை ஓடலாம்." ஸ்பனரைக் கராஜ்காரரிடம் கொடுத்துவிட்டு, அடுத்த நாள் விடியப் புறப்பட்டேன்.

கட்டாரில் விமானம் மாறக் காத்திருந்தபோதுதான் ஞாபகம் வந்து அத்தானுக்குத் தொலைபேசி எடுத்தேன். "அத்தான், முதல் தரம் இழுக்கேக்கை கொஞ்சத் தூரத்திலை நிண்டு அந்த நட்டுகளைத் திரும்ப இறுக்கவேணும். மறந்துபோகாதேங்கோ."

"ஓம், ஓம்" என்றார் அத்தான்.

அந்த ஓம் எந்த ஓம் என்று உலகத்தில் ஒருவருக்குத் தெரியுமென்றால் அது எனக்குத்தான். இருந்தும் அதை யா என்று எடுத்துக்கொண்டு தொலைபேசியை வைத்தேன்.

கார்த்திகையில் அக்கா எடுத்தா. வேலை நேரத்தில் எடுக்காதவ. முதலில் அழுகை மட்டும்தான் கேட்டது. அன்று காலையில் வள்ளத்தை இழுத்துக்கொண்டு போயிருக்கிறார்கள். நான் சொன்னபடி ஒருவரும் பிடித்து நடக்கவில்லை. அத்தான் ட்ரக்டரின் மட்காட்டில் சாரதிக்குப் பக்கத்தில் இருந்திருக்கிறார். மழைக்குப் பள்ளம் விழுந்திருந்த தெருவில் குலுங்கிக் குலுங்கிப் போனதில் ஒரு பக்கத்து நட்டுகள் இளகி, அச்சு அந்தப் பக்கம் மட்டும் பின்னுக்கு வழுக்கியிருக்கிறது. திரும்பிப் பார்த்த அத்தானுக்குச் சில்லு சரிந்து நிற்பது தெரிந்திருக்கிறது. நிற்பாட்டச் சொல்லிக் கத்திக்கொண்டே குதித்து ஓடிப்போய், சரியும் வள்ளத்துக்குத் தோளைக் கொடுத்திருக்கிறார். கடற்கரையில் வளர்ந்த எந்த மனிதனும் வள்ளம் சரிந்தால் அதைத்தான் செய்வான். ட்ரெயிலரும் வள்ளமும் எஞ்சினும் சேர்ந்து அவர்மேல் விழுந்தன. யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரியில் வலது காலை முழங்காலுக்கு மேலே வெட்டி எடுத்தார்கள்.

அடுத்த நாள் வேலையில் கை ஓடவில்லை. ஓட்வார் காரணம் கேட்டார். சொன்னேன். கவனமாகக் கேட்டுவிட்டு, "திரும்ப இறுக்க வேண்டுமென்று அவரிடம் சொன்னாயா?" என்றார்.

"சொன்னேன்."

"அவர் ஆம் என்றாரா?"

"என்றார்."

"அப்படியென்றால் உன்மேல் பொறுப்பில்லை. ஒருவரும் உன்மேல் வழக்குப் போட முடியாது" என்று என் தோளைத் தட்டினார். நல்ல மனிதர். எனக்கு ஆறுதல் சொல்லிவிட்டதாக நினைத்துத் தேநீர் வார்க்கப் போனார். அந்த நட்டுகளுக்குப் பொருந்தும் ஸ்பனர் அத்தான் வீட்டில் இல்லை என்பதும், அதைத் தெரிந்துகொண்டே நான் விமானம் ஏறினேன் என்பதும் அவருக்குத் தெரியாது.

வசந்த வேலைகள் தொடங்குமுன் இரண்டு கிழமை லீவு கேட்டு, பங்குனியில் போனேன். அக்கா முன்னைப்போலவே சாப்பாடு போட்டா. புட்டு, மீன் குழம்பு, எனக்குப் பிடித்த சொதி. முகத்தைப் பார்த்து மட்டும் கதைக்கவில்லை. இரண்டாம் நாள் கோப்பையைக் கழுவிக்கொண்டிருந்தவ, முதுகைக் காட்டியபடியே சொன்னா:

"எங்களுக்குப் பயம் இருந்தது. அதாலைதான் எல்லாரும் பிடிச்சுக்கொண்டு நடந்தவை. நீ வந்து பயப்பிடத் தேவையில்லை எண்டு சொல்லிப்போட்டுப் போயிட்டாய்."

பத்தொன்பது வருடம் படித்த தொழிலில் ஒருவரும் எனக்குச் சொல்லித்தராத விசயத்தை அக்கா குசினிக்குள் நின்று சொன்னா. நான் மாற்றியது அச்சை மட்டும் என்று நினைத்திருந்தேன். அந்த மெதுவான நடையும், நாலு பேருடைய கைகளும், உள்ளே குந்தியிருந்த மனிதரும் சேர்ந்ததுதான் அவர்களுடைய ட்ரெயிலர். நான் பாதியைக் கழற்றிவிட்டு, மீதியை ஒருமுறை மட்டும் இறுக்கிவிட்டு வந்திருக்கிறேன்.

அன்று பின்னேரம் அத்தானிடம் சொன்னேன். "உங்களிட்டை ஸ்பனர் இல்லை எண்டு எனக்குத் தெரியும் அத்தான். தெரிஞ்சுதான் போனனான்."

அவர் வெட்டிய காலின் மேல் துவாயை இழுத்துவிட்டார். "எனக்கும் தெரியும்தானே. கராஜிலை ஒருக்கால் கேட்டிருக்கலாம். நல்லா ஓடுது, பிறகு பாப்பம் எண்டு விட்டிட்டன்." பிறகு, "உதைப் பற்றி அக்காட்டை ஒண்டும் கேளாதேயும். அவவுக்கு ஆறக் கனகாலம் எடுக்கும்" என்றார். என்னைத் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

வள்ளம் தப்பிவிட்டது. ஓரம் வெடித்த இடத்தைப் பூசி, இப்போது அத்தானின் தம்பி சிவராசா ஓட்டுகிறார். நான் புறப்படும் நாள் காலையில் அதை மணலில் இருந்து கடலுக்குத் தள்ளினார்கள். அத்தானைப் பிளாஸ்டிக் கதிரையோடு தூக்கி வந்து கரையில் இருத்தியிருந்தார்கள். தள்ள ஒரு ஆள் குறைவாக இருந்தது. நான் காற்சட்டையை மடித்துவிட்டுப் போய் வலது பக்கத்து ஓரத்தைப் பிடித்தேன். ஒருவர் குரல் கொடுக்க எல்லாரும் சேர்ந்து உன்னித் தள்ளினார்கள். நான் அரைக்கணம் பிந்தி உன்னினேன். திரும்பவும் குரல், திரும்பவும் பிந்தினேன். மூன்றாம் முறை வள்ளம் என் பக்கமாகக் கொஞ்சம் கோணியது.

"அண்ணை, நீங்கள் விடுங்கோ" என்றார் பக்கத்தில் நின்றவர். மரியாதையாகத்தான் சொன்னார்.

கையை எடுத்தேன். எனக்கு இரு பக்கமும் நின்றவர்கள் ஆளுக்கு ஒரு அடி நெருங்கி வந்து அந்த இடத்தை மூடிக்கொண்டார்கள். அடுத்த குரலுக்கு வள்ளம் நேராக இறங்கித் தண்ணீரில் மிதந்தது. எஞ்சின் சத்தம் மெல்ல மெல்லத் தூரமானது. பிறகு தள்ளியவர்கள் தங்கள் தங்கள் வேலைக்குப் போனார்கள். கரையில் நானும், கதிரையில் அத்தானும் மிஞ்சினோம்.

"பிளேன் எத்தினை மணிக்குத் தம்பி?" என்று அத்தான் கடலைப் பார்த்தபடியே கேட்டார்.