கண் முகாமுக்குச் சுமை தூக்கப் போனது

சனிக்கிழமை, காலை 6.10. குலசேகரம் சந்தை ரோட்டில் வேனுக்காக நின்றேன். டீ பன்னிரண்டு ரூபாய், பழம்பஜ்ஜி பத்து ரூபாய். இரண்டும் முடிந்தபோது கண் டாக்டரம்மாவும் நர்சும் இருந்த வேன் வந்தது.

என் தொழில் ரப்பர் பால்வெட்டு. முப்பத்தோரு வருடமாக அதுதான். நான் வெட்டிய தோட்டத்தில் பழைய மரங்களை முறித்துப் புதுத் தைக் கன்று நட்டிருக்கிறார்கள். அவை பால் தர ஏழு வருடம் ஆகும். கை சும்மா இருந்தது. டீக்கடைச் சுவரில் ஒரு நோட்டீஸ் பார்த்தேன். மலைக் குடியிருப்பில் இலவசக் கண் முகாம், உதவிக்கு ஆட்கள் தேவை. அதில் இருந்த நம்பருக்குப் பேசினேன். எடுத்தது ஜெசி என்ற நர்ஸ்.

"என்ன படிச்சிருக்கிய?"

"ஏழாம் கிளாசு."

"கம்ப்யூட்டர் தெரியுமா?"

"தெரியாது."

"வெயிட்டு தூக்குவியளா?"

"எவ்வளவு?"

அந்தப் பக்கம் சிரிப்பு. "அண்ணே, 'எவ்வளவு'ன்னு கேட்டது நீங்க ஒராளுதான். மத்தவங்க எல்லாம் போட்டோ எடுப்பியளான்னுதான் கேட்டாவ. ஆதார் காப்பி கொண்டு வாங்க. காட்டுக்குள்ள போவ அனுமதி வாங்கணும்."

சேருவது இவ்வளவுதான். நான் பெரிய காரியம் என்று நினைத்திருந்தேன்.

7.00 மணி. பேச்சிப்பாறை அணை. குலசேகரத்திலிருந்து ஒன்பது கிலோமீட்டர் இருக்கும். அணையில் தண்ணீர் நிறைய. அக்கரைக்குப் படகில் அரை மணி நேரம். ஆளுக்கு இருபது ரூபாய். சாமான்களுக்குப் படகுக்காரர் ஒன்றும் வாங்கவில்லை. அவருடைய அம்மாவுக்கும் ஒரு கண்ணாடி கிடைக்குமா என்று மட்டும் கேட்டார். டாக்டரம்மா தலையாட்டினார்.

கரையிலிருந்து குடியிருப்புக்கு இரண்டு கிலோமீட்டர் ஏற்றம். கண் பார்க்கும் மிஷின் பெட்டி பதினெட்டு கிலோ. அதை நான் தலையில் வைத்தேன். வழியெல்லாம் அட்டை. ஜெசி ஒரு துணியில் உப்புக் கட்டிக் கொண்டுவந்திருந்தாள். நின்று நின்று எல்லார் காலிலும் ஒற்றினாள். டாக்டரம்மா முதல் முறை வருகிறவர். காலில் அட்டையைக் கண்டதும் ஒற்றைக் காலில் குதித்தார். "சிரிக்காதீங்க" என்றார். நாங்கள் சிரித்தோம். அவரும் சிரித்தார்.

8.45 மணி. குடியிருப்பு காணிப் பழங்குடி மக்களுடையது. ஊர்ப் பெயர் எழுதவில்லை. "கண்ணு தெரியாதவியளுக்க ஊருன்னு பேராயிரும், எழுதாதே" என்று பின்னால் ஒருவர் சொல்லிவிட்டார். சொன்னது கீழே வருகிற பகவதி அக்கா.

பள்ளிக்கூடத்தில் முகாம். ஒரே அறை. நாலு பக்கமும் பார்த்து நிற்கும் 'E' எழுத்து அட்டையைச் சுவரில் தொங்கவிட்டோம். கால் எந்தப் பக்கம் நீட்டியிருக்கிறது என்று விரலால் காட்டினால் போதும், படிப்பு வேண்டாம். ஒரு கண்ணை அட்டையால் மூடிப் பிடிப்பது என் வேலை. நல்ல வேலை. எல்லாரும் இடுக்கு வழியாகத் திருட்டுத்தனமாகப் பார்த்தார்கள். நான் விடவில்லை.

11.30 மணி. ஒரு அம்மாள் எங்களுக்கு அவித்த மரச்சீனிக் கிழங்கு கொண்டுவந்தார். பெயர் பகவதி. வயது ஐம்பத்தெட்டு. பானையை வைப்பதற்கு முன் இடது கையால் பெஞ்சைத் தடவினார். டாக்டரம்மா அதைப் பார்த்துவிட்டார்.

"நீங்க கண்ணைக் காட்டலையா?"

"எனக்கு ஒண்ணுமில்ல. கிழங்கு ஆறும். தின்னுங்க."

இழுத்துப் பிடித்து உட்கார வைத்தோம். இடது கண் வெகுநாள் முன்பு விறகுச் சில்லு பட்டுப் போனது. வலது கண்ணில் புரை முற்றியிருந்தது. டாக்டரம்மா விரலைக் காட்டினார். பகவதி அக்கா எண்ணிக்கையைச் சரியாகச் சொன்னார், முதல் தடவை. இரண்டாவது தடவை தப்பு.

"திங்கட்கிழமை ஆபரேஷன் பண்ணலாம். இன்னைக்கே எங்க கூட வாங்க. விட்டீங்கன்னா இந்தக் கண்ணும் போயிடும். ஆபரேஷன் முடிஞ்சு பதினஞ்சு நாள் வேலை செய்யக் கூடாது."

"அப்பம் வேண்டாம்."

அவருக்கு நூற்று நாற்பது ரப்பர் மரம். புருசன் இல்லை. வெட்டுவது அவரே. போன வருடம் காய்ச்சலில் கிடந்தபோது ஒரு கூலி ஆளை விட்டிருக்கிறார். அவன் கத்தியை ஆழமாகப் போட்டு ஒன்பது மரத்தைக் காயப்படுத்திவிட்டான். காயம்பட்ட இடத்தில் பட்டை முண்டு முண்டாக வளரும். பிறகு பால் வராது.

"கண்ணு எனக்கு ஒருத்திக்குத்தான். மரம் போனா வீட்டுக்கே போச்சு. எனக்குக் கைவிரலு போதும். தடவி வெட்டிக்கிடுவேன்."

டாக்டரம்மா எத்தனையோ சொன்னார். ஜெசி கெஞ்சினாள். படகு மூன்று மணிக்கு. நான் கண் மூடும் அட்டையைக் கீழே வைத்தேன்.

"அக்கா, நான் பால்வெட்டுகாரன். வெட்டித் தாறேன்."

"நீயா? பெட்டி சொமந்து வந்த ஆளில்லா நீ?"

"இன்னைக்குப் பெட்டி."

"கத்தி எங்கே?"

கத்தி கொண்டுவரவில்லை. வெட்டுகாரன் தன் கத்தியை இன்னொருவன் கையில் கொடுக்கமாட்டான். அது அவனவன் கைக்குப் பதிந்து தேய்ந்த கத்தி. அவர் என்னை ரொம்ப நேரம் பார்த்தார். எதைப் பார்த்தாரோ. பிறகு எழுந்தார்.

"வா. ஒரு மரம் வெட்டிக் காட்டு."

12.40 மணி. வெயிலில் பால் ஓடாது. ஆனால் வெட்டு தெரியும். குடியிருப்பில் பாதிப் பேர் பின்னால் வந்துவிட்டார்கள். அக்கா இடுப்பிலிருந்து கத்தியை எடுத்துக் கொடுத்தார். வாங்கியபோதே தெரிந்தது, கனம் குறைவு, வாய் கூர்மை. நான் என் கத்திக்குக் கொடுக்கிற அழுத்தத்தைக் கொடுத்தேன். ஒரு சாண் போனதும் கத்தி பட்டையைத் தாண்டி உள்ளே தடியைத் தொட்டது.

அக்கா பெருவிரலால் வெட்டைத் தடவினார். ஒரே இடத்தில் நின்றது விரல்.

"இது என்ன, வெட்டா? கொத்தா?"

கூட்டம் சிரித்தது. "பெட்டிக்காரரே, பெட்டியத் தூக்கும்" என்றான் ஒருத்தன். நான் இந்தத் தொழிலில் கேட்ட முதல் ஏச்சு அது. நியாயமான ஏச்சு.

"இன்னொண்ணு தாங்க அக்கா. கத்தி எனக்குப் புதுசு."

"ஒரு மரம்தான் சொன்னேன்."

ஜெசி அவர் தோளைப் பிடித்துக்கொண்டாள். "யக்கா, எனக்காவ. ஒண்ணே ஒண்ணு."

அக்கா அடுத்த மரத்துக்கு நடந்தார். நான் பின்னால் போனேன். இந்தத் தடவை கத்தியை அழுத்தவில்லை, பிடித்துக்கொண்டு மட்டும் நடந்தேன். பட்டை நூலாக வந்தது. வெட்டின் மேல் முனையிலிருந்து கீழ் முனை வரை ஒரே சரிவு. மூச்சு விட்டது வெட்டி முடித்த பிறகுதான்.

பெருவிரல் மேலிருந்து கீழே வந்தது. நிற்கவில்லை. மறுபடி மேலே போய்க் கீழே வந்தது. சீவலைப் பொறுக்கி இரண்டு விரலுக்கு நடுவில் உருட்டிப் பார்த்தார். பிறகு கேட்டார்:

"ஏட்டி ஜெசி, ஆசுபத்திரிக்கு எத்தன சேல எடுக்கணும்?"

டாக்டரம்மா கை தட்டினார். என்னைப் பெட்டிக்காரர் என்றவன்தான் முதலில் விசிலடித்தான்.

2.20 மணி. படகுக்கு இறங்கும் வழியெல்லாம் அக்கா மரங்களைப் பற்றியே பேசினார். "பாற ஓரத்துல நிக்குதவ கோவக்காரி, லேசாத் தொடணும். கெழக்க ரெண்டு பேரு சோம்பேறிய, பைய ஒழுவும், பால் செரட்டைய சீக்கிரம் எடுக்காதே. ஒரு நாளு வெட்டுனா ஒரு நாளு விடணும், கேட்டியா?" நான் எல்லாவற்றுக்கும் "ஆம்" என்றேன். அவர் படகில் ஏறிய பிறகும் ஒரு மரம் பாக்கி இருந்தது. கரையில் நின்ற எனக்குக் கத்திச் சொன்னார்.

வீட்டுக்குப் போன் போட்டேன். குன்றின் மேல் ஏறினால் ஒரு கோடு சிக்னல் கிடைக்கும்.

"ஒரு நாளுன்னுல்லா போனிய?" என்றாள் மனைவி.

"பதினெட்டு நாளு ஆவும்."

"டாக்டரா ஆயிட்டியளா?"

"இல்ல. பால்வெட்டு."

"அதுக்குத்தான் இங்கேருந்து படகு புடிச்சுப் போனியளா?" சிரித்துவிட்டு, துணிக்கு என்ன செய்வீர்கள் என்று கேட்டாள். மறுநாள் படகில் இரண்டு சாரமும் என் சட்டையும் வந்தன.

அக்காவின் ரப்பர் ஷீட் அடிக்கிற கொட்டகையில் படுத்துக்கொண்டேன். பக்கத்து வீட்டில் மரச்சீனியும் அணை மீனும் கொடுத்தார்கள். மீனுக்கு நல்ல புளி. ஒரு நாள் விட்டு ஒரு நாள் வெட்டு. மற்ற நாள் ஷீட்டைக் காயப் போடுவேன்.

ஐந்தாம் நாள், புதன்கிழமை, பகல் 11 மணி. அக்கா கறுப்புக் கண்ணாடியுடன் வந்து இறங்கினார். வீட்டுக்குப் போகவில்லை. நேரே மரத்துக்கு வந்தார். என் வெட்டுகளைக் கண்ணால் பார்த்தார். ஏச்சு இல்லை. பிறகு அதே மரங்களில் பழைய வெட்டுகளைப் பார்த்தார். ஏணும் கோணுமாக, முண்டும் பள்ளமுமாக இருந்தன.

"லேய், எந்தப் பாவி இப்பிடிக் கொத்திப் போட்டான்? அந்தக் கூலிக்காரன் ஒம்பது மரத்துலதானே வச்சான்?"

நான் சிரட்டையைத் துடைத்தேன்.

"சொல்லுலே."

"இது இந்த வருசத்து வெட்டு அக்கா."

அக்கா விரலை நீட்டித் தடவினார். விரலை எடுத்துவிட்டுப் பார்த்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். தலையைக் குலுக்கக் கூடாது என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "எனக்க அம்மோ, நான்தானா அது!" நானும் உட்கார்ந்துவிட்டேன்.

அதன் பிறகு தினமும் காலையில் என் பின்னாலேயே வந்தார். வேலை செய்யவில்லை. குற்றம் மட்டும் கண்டுபிடித்தார்.

பதினெட்டாம் நாள், செவ்வாய்க்கிழமை. முந்தின நாள் ஜெசி வந்து கண்ணைப் பார்த்துச் சரி என்று சொல்லியிருந்தாள். காலையில் முதல் மரத்தை அக்காவே வெட்டினார். நேராக வந்தது. எனக்கு அங்கே வேலை முடிந்தது.

இப்படிப் போக நினைப்பவர்களுக்கு ஒன்று. படிப்பு கேட்பார்களோ என்று பயப்பட வேண்டாம். ஆதார் காப்பி, உப்பு, மாற்றுத் துணி வேண்டும். உங்கள் தொழில் கத்தியையும் எடுத்துக்கொள்ளுங்கள். எந்தத் தொழில் அங்கே தேவைப்படும் என்று போகிறபோது தெரியாது. எங்கள் ஊரிலும் ரப்பர்தான், மரச்சீனிதான், மழைதான். ஆஸ்பத்திரிக்கு மட்டும் பத்து நிமிடம். அதனால் யாரும் பெஞ்சைத் தடவிப் பானை வைப்பதில்லை.

10.30 மணிக்குப் படகு. அக்கா கரை வரை வந்தார். நான் ஏறினேன். படகு கரையை விட்டு ஒரு தென்னை உயரம் போயிருக்கும். பின்னாலிருந்து சத்தம் வந்தது.

"லேய் தம்பி! சட்டப் பித்தான மாத்தி மாட்டிருக்கியே! மூணாவதுல நாலாவது!"

குனிந்து பார்த்தேன். மாற்றித்தான் மாட்டியிருந்தேன்.