டாஷ்போர்டில் ஒட்டியிருந்த எண்

சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது முன்பின் தெரியாத ஒருவர் வந்து, நீ இங்கே இருப்பதாக உன் மனைவிதான் சொன்னாள் என்றால் உங்களுக்கு எப்படி இருக்கும்? எனக்குச் சோறு இறங்கவில்லை. கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில், பட்டப்பகலில், ஒரு வாழையிலைச் சாப்பாட்டுக் கடையில் நடந்தது இது. கை கழுவும் தொட்டிக்குப் பக்கத்து மேசையில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தேன். கையில் சாவிக்கொத்தோடு ஒரு சீனர் உள்ளே வந்தார். அவ்வளவு கூட்டத்தில் யாரையும் விசாரிக்காமல் நேராக என்னிடம் வந்து, "பாஸ், யுவர் வைஃப் சே யூ சிட் ஹியர். கார் மூவ் லா, ஐ லேட் ஆல்ரெடி" என்றார். என் மனைவி வசந்தி அந்த நேரத்தில் மதுரையில் எட்டாம் வகுப்புக்குக் கணக்குப் பாடம் எடுத்துக்கொண்டிருந்தாள். எந்த வைஃப் என்று கேட்டேன். அவர் வாசலைக் காட்டினார். என் கார் அவர் காரை மறித்து நின்றது. எச்சில் கையோடு ஓடிப்போய் நகர்த்தினேன். ஆள் மாறிப் பேசியிருப்பார் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன்.

ஊரில் இருப்பவர்களுக்காகக் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன். கோலாலம்பூரில் கார் இல்லாமல் பிழைப்பு இல்லை, ஆனால் அதை நிறுத்த இடமும் இல்லை. அதனால் ஏற்கெனவே நிற்கும் கார்களை மறித்து இரண்டாவது வரிசையாக நிறுத்துவார்கள். அப்படி நிறுத்துகிறவர் தன் கைப்பேசி எண்ணை ஒரு சீட்டில் எழுதிக் கண்ணாடிக்குப் பின்னால் வைத்துவிட்டுப் போவார். மாட்டிக்கொண்டவர் அந்த எண்ணைக் கூப்பிடுவார். இவர் ஓடிவந்து, மன்னிப்புக் கேட்பதுபோல் ஒரு கையைத் தூக்கிக் காட்டிவிட்டுக் காரை எடுப்பார். சத்தம் கிடையாது, சண்டை கிடையாது. மதுரை டவுன்ஹால் ரோட்டில் ஒருமுறை நான் இப்படி ஸ்கூட்டரை நிறுத்தினேன். திரும்பி வந்தபோது நாலு பேர் அதைத் தூக்கி எதிர்ப்பக்கச் சாக்கடை ஓரம் வைத்திருந்தார்கள். கூடவே என் பரம்பரையையே இழுத்துத் திட்டினார்கள். இங்கே வந்த புதிதில், எல்லாரும் நிறுத்துகிறார்களே என்று நானும் இரண்டாவது வரிசையில் நிறுத்தப் பழகிக்கொண்டேன். சீட்டு வைப்பதை மட்டும் கவனிக்கவில்லை. பாதிப் பழக்கத்தைக் கற்றுக்கொண்டு மீதியை விட்டுவிடுவது புதிதாக வந்தவனின் குணம்.

என் கார் கிள்ளானில் ஒரு பழைய கார் வியாபாரியிடம் வாங்கியது. வெள்ளி நிறம். ஷா ஆலமில் நான் வேலை பார்க்கும் தொழிற்சாலைக்கு அது இல்லாமல் போய்வர முடியாது. ஸ்டியரிங்கை ஒட்டி, டாஷ்போர்டில் ஒரு கறுப்புத் தகடு இருந்தது. அதில் வெள்ளையாகப் பொறித்த ஒரு கைப்பேசி எண், பெயர் எதுவும் இல்லை. நம் ஊர் ஆட்டோவில் புகார் எண் எழுதியிருப்பார்களே, அப்படி வழியில் வண்டி நின்றால் கூப்பிட வேண்டிய உதவி எண் இது என்று நானாக முடிவு செய்துகொண்டேன். கழற்றினால் குற்றமாகிவிடுமோ என்று பயந்து, வாராவாரம் துடைத்துப் பளபளவென்று வேறு வைத்திருந்தேன்.

அடுத்தது அதே நகரின் செந்தூல் பகுதியில். தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது தலையில் துண்டணிந்த ஒரு மலாய்ப் பெண் பக்கத்தில் வந்து நின்றார். என் தேநீர் கிளாஸையே பார்த்தார். என்ன என்று கேட்டதற்கு, கிளாஸ் காலியாகும்வரை நீங்கள் எழுந்திருக்க மாட்டீர்கள், அவசரப்படுத்த வேண்டாம் என்று உங்கள் மனைவி சொன்னார் என்று ஆங்கிலத்தில் மரியாதையாகச் சொன்னார். மூன்றாவதாக வந்தவர் நம் ஆள், வயதானவர். "வீட்டுக்காரம்மாதான் சொன்னாங்க. பசியாறிட்டு இருப்பாரு, அஞ்சு நிமிசம் பொறுங்க அங்கிள்னு. நல்ல மனுசி லா" என்றார். அன்று முழுவதும் யாரோ பின்னாலேயே வருவதுபோல் திரும்பித் திரும்பிப் பார்த்தேன். வசந்தியிடம் சொன்னபோது, "அங்க யாரையாச்சும் சேத்துக்கிட்டீங்களா?" என்று சிரித்தாள். நான் சிரிக்கவில்லை என்றதும் அவளும் நிறுத்திக்கொண்டாள். அதற்குப் பிறகு தினமும் மதியம் கூப்பிட்டு, எங்க இருக்கீங்க என்று கேட்க ஆரம்பித்தாள்.

ஒரு நாள் காலை பத்து மணி இருக்கும். ஃபெடரல் நெடுஞ்சாலையில் சுங்கை வேயைத் தாண்டியதும் வெப்பமுள் சரசரவென்று மேலே ஏறியது. முன்பக்கம் ஆவி கிளம்பியது. ஓரங்கட்டி நிறுத்தினேன். ஊரில் நத்தம் சாலையில் வண்டி நின்றுவிட்டால் ஐந்து நிமிடத்தில் ஊரே கூடி ஆளுக்கொரு வைத்தியம் சொல்லும். இங்கே ஆயிரம் கார்கள் போயின, ஒரு முகம்கூடத் திரும்பவில்லை. யாரையும் நான் கூப்பிடவில்லை, ஆனாலும் ஓர் இழுவை லாரி எங்கிருந்தோ வந்து எனக்குப் பின்னால் மெதுவாக நின்றது. ஓட்டுநர் இறங்கவில்லை. கொக்கிச் சங்கிலி மட்டும் ஆடிக்கொண்டிருந்தது. இப்படித் தானாக வருகிறவர்களிடம் வண்டியைக் கொடுக்காதே என்று தொழிற்சாலையில் எச்சரித்திருந்தார்கள். வேண்டாம் என்று கையை ஆட்டிவிட்டு, தகட்டில் இருந்த உதவி எண்ணை முதல் தடவையாக அழுத்தினேன்.

ஒரு பெண் எடுத்தார். "கார் நின்னுபோச்சுங்க" என்றேன். எந்தக் கார், என்ன பெயர் என்று அவர் எதுவும் கேட்கவில்லை.

"எங்க இருக்கீங்க?"

சொன்னேன்.

"ஆவி வருதா? பானட்ட தொறக்காதீங்க. போன தடவ மாதிரி கைய சுட்டுக்காதீங்க. அங்கயே இருங்க, சேகர அனுப்புறேன். எங்கயும் போயிராதீங்க."

நான் என் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். அதில் சூடுபட்ட தழும்பு எதுவும் இல்லை.

கால் மணி நேரத்தில், மோட்டார் சைக்கிள்களுக்கென்று இருக்கும் தனிப்பாதையில் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் வந்து இறங்கினார். இரண்டு பெரிய புட்டித் தண்ணீர், தோளில் ஒரு ரப்பர் குழாய். சுங்கை வேயில் பட்டறை வைத்திருக்கும் சேகர் அவர்தான். காரைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். முகத்தில் இருந்த எதிர்பார்ப்பு அடங்கியது.

"நீங்களா கூப்பிட்டது?" என்றார். "அக்கா அழுதுகிட்டே போன் பண்ணாங்க. ஆளு எப்படி இருக்காருன்னு பாத்துட்டு ஒடனே சொல்லுன்னாங்க."

ரேடியேட்டரின் கீழ்க்குழாய்தான் வெடித்திருக்கும் என்று திறக்காமலே சொன்னார். அப்படித்தான் இருந்தது. எஞ்சின் ஆறும்வரை குத்துக்கல்லில் உட்கார்ந்து அவர் சொன்னது இதுதான். இந்தக் காரை ஓட்டியவர் மணியம், எலெக்ட்ரீஷியன். பழுது பார்க்கக் கொடுத்தால் பக்கத்திலேயே நிற்பார். வேலையில் இருக்கும்போது போனை எடுக்க மாட்டார் என்பதால் காரில் மனைவி இந்திராணியின் எண்ணைப் பொறித்து ஒட்டினார். யாராவது கூப்பிட்டால் அந்த அம்மா, கார் எந்த இடத்தில் நிற்கிறது என்று கேட்பார். அந்த இடத்தில் புருசன் எந்தக் கடைக்குப் போவார், எந்த மேசையில் உட்கார்வார் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. நான்கு வருடத்துக்கு முன் ஒரு காலை, கிள்ளானில் பாசார் என்று சொல்லும் சந்தைக்குப் பின்னால் ஒரு சந்திலிருந்து யாரோ கூப்பிட்டு, கார் வழியை மறிக்கிறது என்றார்கள். இந்திராணி போய்ப் பார்த்தார். கார் இருந்தது, சாவியும் அதிலேயே இருந்தது. மணியம் இல்லை.

"போலீஸ் ரிப்போர்ட் பண்ணியாச்சு, ஆஸ்பத்திரி எல்லாம் தேடியாச்சு. ஒண்ணும் இல்ல. கார் அக்கா பேர்ல இருந்துச்சு. தம்பிமாரு சொல்லிச் சொல்லி போன வருசம் வித்தாங்க. இந்தத் தகட்ட மட்டும் எடுக்கக் கூடாதுன்னு யாவாரிகிட்ட கேட்டுக்கிட்டாங்க. இப்ப நீங்க நிறுத்துற எடத்துல இருந்தெல்லாம் அவங்களுக்கு போன் வருது. பழையபடியே பதில் சொல்றாங்க." சேகர் திருப்புளியை எடுத்துத் தகட்டின் விளிம்பில் வைத்தார். "பேய்க்கதை மாதிரி இருக்குல்ல? சொல்லுங்க, பேத்து எடுத்துர்றேன்."

எனக்கு வெட்கமாக இருந்தது. ஒரு முட்டாள்தனமான தொலைபேசி அழைப்பால் ஒரு பெண்ணுக்குக் கால் மணி நேரம் புருசனைத் திருப்பிக் கொடுத்து, பிறகு பிடுங்கியிருக்கிறேன். இருக்கட்டும் என்று சொன்னேன்.

அன்றிலிருந்து நான் செய்ததை வசந்தியிடம்கூடச் சொல்லவில்லை. காலியிடம் இருந்தாலும் இரண்டாவது வரிசையிலேயே நிறுத்தினேன். வாரத்துக்கு ஒருமுறையாவது அந்த அம்மாவுக்கு யாராவது போன் செய்யட்டும், மணியம் தேநீர் குடிக்கிறார் என்று அவர் சொல்லிக்கொள்ளட்டும் என்று நினைத்தேன். அதற்குத் தோதாக, தேடி வந்தவர்கள் சொன்னதை வைத்து, அவர் உட்காரும் இடங்களில் நானும் உட்கார்ந்தேன். தர்மம் செய்வதாகவே நினைப்பு. ஆனால் சில நாள், சுவரைப் பார்த்து உட்கார்ந்து கிளாஸைக் காலி செய்யும்போது, தேநீருக்குச் சர்க்கரை குறைத்துக் கேட்டது நானா அவரா என்று குழம்பும். எனக்குத் தேநீரில் சர்க்கரை தூக்கலாக இருக்க வேண்டும்.

போன மாதம் ஊருக்குப் போகத் துணிமணி வாங்கக் கிள்ளானுக்குப் போனேன். இடம் தேடிச் சுற்றி, பழக்க தோஷத்தில் ஒரு சந்தில் மறித்து நிறுத்திவிட்டுக் கடைக்குள் போய்விட்டேன். சேலை பிரித்துக் காட்டிக்கொண்டிருந்தார்கள். ஒரு பூக்காரப் பெண் மூச்சிரைக்க உள்ளே வந்து, வெள்ளிக் கலர் கார் யாருது என்று கேட்டார். கையைத் தூக்கினேன்.

"பாசார் பின்னாடி எல்லாக் கடையும் ஏறி எறங்கிட்டேன் அண்ணே. வழக்கமா எங்க இருப்பாருன்னு உங்க வீட்ல கேட்டா, அங்க மட்டும் அவரு எங்க போனாருன்னு எனக்குத் தெரியலம்மான்னு ஒரே அழுவ. இந்தாங்க, நீங்களே பேசுங்க."

பாசாருக்குப் பின்னால். அப்போதுதான் எனக்கு உறைத்தது. போனை வாங்கிக் காதில் வைத்தேன். நான்தான், காரை வாங்கினவன் என்றேன். மன்னித்துக்கொள்ளுங்கள், இன்றைக்கே அந்த எண்ணை எடுத்துவிடுகிறேன் என்றேன்.

"எடுக்காதீங்க" என்றார் இந்திராணி. "எங்க வேணா நிறுத்துங்க. அங்க மட்டும் வேணாம்."

பூக்காரப் பெண்ணிடம் போனைக் கொடுத்துவிட்டுக் காருக்குப் போனேன். நடுமதியம், சந்தில் ஆள் நடமாட்டமே இல்லை. கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தேன். சாவியைத் திருப்பவில்லை. இவ்வளவு சின்னச் சந்திலிருந்து ஒரு மனிதர் எந்தப் பக்கம் போயிருக்க முடியும் என்று இரண்டு முனையையும் மாறி மாறிப் பார்த்தேன். அப்போது என் கைப்பேசி அடித்தது. வசந்தி.

"எங்க இருக்கீங்க?" என்றாள்.

"கிள்ளான்ல."

"அது எங்க இருக்கு?"

சந்தின் பெயர்ப்பலகையைத் தேடினேன். எதுவும் இல்லை. மதுரையில் பள்ளிக்கூட வராந்தாவில் நின்றுகொண்டு அவள் காத்திருந்தாள். இங்கேதான் என்றேன். அதற்கு மேல் எனக்குச் சொல்லத் தெரியவில்லை.