பூங்கொடி அக்காவின் ஒரு நாள் சோஃபா

1. சனிக்கிழமை காலை பத்து மணிக்கு வீட்டைப் பார்க்க அதிகாரி வருவதாகப் பூங்கொடி அக்காவுக்குத் தகவல் வந்தது.

2. எட்டரைக்கு, கீழ்வீட்டு முருகையா அண்ணனின் சோஃபா படியேறி அக்கா வீட்டுக்குள் நுழைந்தது.

3. எட்டேமுக்காலுக்கு, எதிர்வீட்டு ராஜியின் டிவி வந்தது. பாதிச் சுவரை மறைக்கும் டிவி.

4. ஒன்பதரைக்கு, கண்ணாடி மேசை, கார்ப்பெட், பூச்சாடி. யார் வீட்டுப் பொருட்கள் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

5. பத்து மணிக்கு அதிகாரி வந்தார். ஐந்து நிமிடம் கழித்து நான் போனேன்.

6. அதிகாரி வந்தது, அக்காவுக்கு வசதி இல்லை என்பதை உறுதி செய்துகொள்ள.

ஆறாவதை முதலில் எழுதியிருக்க வேண்டுமோ?

பூங்கொடி அக்கா ஈப்போவில் எங்கள் அடுக்குமாடியில்தான் இருக்கிறார். நாற்பத்து மூன்று வயது. பிறந்தது ரப்பர் தோட்டத்தில். தோட்டம் செம்பனைக்கு மாறியபோது குடும்பம் டவுனுக்கு வந்தது. பதினோரு வருடமாக ஓட்டலில் துணி வெளுக்கும் வேலை. வசதி குறைந்த பெரியவர்கள் தொழில் கற்க ஓர் அறவாரியம் உபகாரச் சம்பளம் தருகிறது, வயது வரம்பு இல்லை என்று நான்தான் போய்ச் சொன்னேன். ஆறு மாத ஏர்கோன், அதாவது ஏசி, பழுதுபார்க்கும் பயிற்சி. கையிலிருந்து கட்டிப் படிக்க அக்காவால் முடியாது. இது கிடைத்தால் உண்டு, இல்லாவிட்டால் கடைசிவரை ஓட்டல் படுக்கை விரிப்புதான்.

ஃபாரத்தை நிரப்பியதும் நான்தான். நான் எலெக்ட்ரானிக்ஸ் டெக்னீஷியன். செக்லிஸ்ட் இல்லாமல் சந்தைக்குக்கூடப் போகமாட்டேன். அக்காவுக்கும் ஒன்று போட்டுக் கொடுத்தேன் — அடையாள அட்டை நகல், சம்பளச் சீட்டு, மின்சார பில்... மொத்தம் பதினான்கு. "வீட்டை இருக்கிறபடியே விடவும்" என்பது அதில் இல்லை. அதையெல்லாமா எழுதுவார்கள்?

எழுத வேண்டும் போலிருக்கிறது.

"என்னக்கா இது?" என்று அடுப்படியில் வைத்துக் காதைக் கடித்தேன்.

"வீடு தேடி வாராங்க தங்கச்சி. வெறுந்தரையிலயா உக்கார வைப்பாங்க? மானம் போயிரும்லா!"

தோட்டத்து லயத்து வரிசை வீடுகளில் ஒரு வீட்டுக்குப் பெண் பார்க்க வருகிறார்கள் என்றால், நாற்காலி நாலு வீட்டிலிருந்து வரும், கப்பும் சாசரும் ஐந்தாவது வீட்டிலிருந்து வரும். மாப்பிள்ளை வீட்டாருக்கும் இது தெரியும். அவர்கள் கட்டிவந்த வாட்சும் இரவல்தான். அந்தக் கணக்கில் அக்கா அதிகாரியைச் சம்பந்தி ஆக்கிவிட்டார்!

அறவாரியத்து அதிகாரி கண்ணாடி போட்ட, நிதானமான பெண்மணி. சோஃபாவில் உட்கார்ந்தார். நன்றாக உள்ளே புதைந்தார். அவ்வளவு மெத்தென்ற சோஃபா.

"வருமானம் ரொம்பக் கம்மின்னு எழுதியிருக்கீங்க... இந்த டிவி எத்தனை இன்ச்சும்மா?"

"தெரியலைங்களே மேடம்."

என்ன பதில்! தன் வீட்டு டிவியின் அளவுகூடத் தெரியாத செல்வச் செழிப்பு. அதிகாரி ஏதோ குறித்துக்கொண்டார்.

அப்போதுதான் ராஜி கதவில் தலையை நீட்டினாள். கையில் ரிமோட்.

"அக்கா, இதக் குடுக்க மறந்துட்டேன். மேடம், நீங்க எத்தன மணி வரைக்கும் இருப்பீங்க? மத்தியானம் பந்து விளையாட்டு இருக்கு. டிவி இல்லன்னா எங்க வீட்டுக்காரரு என்னையத் தஞ்சோங் ரம்புத்தானுக்கு அனுப்பிருவாரு."

ஈப்போக்காரர்களுக்கு அந்த ஊர் என்றால் மனநல மருத்துவமனைதான். அதிகாரி சிரிக்கவில்லை. பேனாவை மூடினார்.

"சோஃபா?"

"நம்மளுதுதான் மேடம்," என்றார் ராஜிக்குப் பின்னால் நின்ற முருகையா அண்ணன். "நிம்மதியா உக்காருங்க. அவசரமில்ல."

அதிகாரி அக்காவைப் பார்த்தார். "சரி, இந்த வீட்டுல உங்களோடது எதும்மா?"

அக்கா உள்ளே போனார். முடிந்தது கதை என்று நினைத்தேன். திரும்பி வந்தபோது கையில் ஒரு பிஸ்கட் டின். மூடியைத் திறந்தார். டெஸ்ட் பென், இடுக்கி, மூன்று ஸ்க்ரூடிரைவர். கெபாசிட்டர்கள் அளவு வாரியாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் எந்த வீட்டு ஃபேனிலிருந்து எடுத்தது என்று எழுதி ஒட்டியிருந்தது. டிப்ளோமா வாங்கிய என் மேசை இழுப்பறையைப் பற்றி இங்கே பேச வேண்டாம்.

"இந்த ப்ளோக்குல ஃபேன் சுத்தலன்னா இவங்களத்தான் கூப்பிடுவோம்," என்றாள் ராஜி. "பின்ன சும்மாவா டிவியத் தூக்கிக் குடுப்பேன்?"

"யார்கிட்டம்மா கத்துக்கிட்டீங்க?"

"கழட்டிக் கழட்டிப் பாத்ததுதான் மேடம். ஏர்கோன் மட்டும் பயம். கேஸு இருக்குல்ல... தெரியாம கை வைக்கக் கூடாது."

"இத ஏன் ஃபாரத்துல எழுதல?"

"யாரும் கேக்கலையே மேடம்."

யாரும் என்றால் நான்தான். 'முன் அனுபவம்' என்ற கட்டத்தில் 'ஓட்டல் சலவை, பதினோரு வருடம்' என்று அழகாக எழுதி அடுத்த கட்டத்துக்குப் போனவள். என் வீட்டு ஃபேன் ஒருபோதும் நின்றதில்லை... நின்றால் நானே பார்த்துக்கொள்வேன் என்ற திமிர். பக்கத்துப் பக்கத்து வீட்டில் இரண்டு டெக்னீஷியன்கள். ஒருத்திக்கு மட்டும் அது தெரியாது.

ஒன்று யோசித்துப் பார்த்தீர்களா? இல்லாமையை வெளியே காட்டாமல் இருப்பதற்கு வாழ்நாள் முழுக்கப் பழகிய ஒருவரிடம், சனிக்கிழமை பத்து மணிக்கு அதை எடுத்துக் காட்டுங்கள் என்கிறோம். அவர் சோஃபாவைக் காட்டாமல் வேறென்ன செய்வார்?

அதிகாரி சோஃபாவிலிருந்து எழுந்து — அதற்கே கொஞ்ச நேரம் பிடித்தது — அடுப்படி, படுக்கையறை எல்லாம் பார்த்தார். குறிப்பில் எதையோ அடித்துவிட்டு நீளமாக எழுதினார். "சொல்றோம்மா" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

இரண்டு வாரம் எந்தச் சத்தமும் இல்லை. வியாழக்கிழமை கடிதம் வந்தது. ஆறு மாதப் பயிற்சிக்கான கட்டணம் முழுவதையும் அறவாரியம் ஏற்றுக்கொள்கிறது. பகல் வேலையை மாலைக்கு மாற்றித்தர ஓட்டல் இன்னும் சம்மதிக்கவில்லை. திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு முதல் வகுப்பு.

அக்கா போகிறார்.