எங்கள் தெருவில் ஊளையிடும் கனடா

சங்கரன்கோவிலில் சித்திரை மாதத்தில் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு சாமி கும்பிடுகிறவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். காலை ஆறு மணிக்குக் குளித்து, திருநீறு பூசி, பூக்கூடையை எடுத்துக்கொண்டு பூஜை அலமாரி இருக்கும் அறைக்குப் போவதற்கு முன்னால், கதவுக்கு வெளியே ஆணியில் தொங்கும் ஸ்வெட்டரை எடுத்து மாட்டுகிறேன். வின்னிபெக்கில் பன்னிரண்டு வருஷம் எனக்கு உழைத்த ஸ்வெட்டர் அது. விமானத்தில் குளிரும் என்று போட்டுக்கொண்டு வந்தேன், ஊரில் இறங்கியதும் யாருக்காவது கொடுத்துவிடலாம் என்று நினைத்தேன். இன்னும் கழற்ற முடியவில்லை. உள்ளே ஏசி பதினெட்டில் ஓடுகிறது. எனக்காக அல்ல. பாதி சிவன் பாதி பெருமாளாக நிற்கும் சங்கரநாராயணர் படத்துக்கும் கோமதி அம்மன் படத்துக்கும் கீழே, குளிர்ந்த தரையில், நாலு காலையும் நாலு பக்கம் நீட்டிக்கொண்டு ஒரு ஹஸ்கி நாய் படுத்திருக்கிறது. அதைத் தாண்டித்தான் நான் விளக்கேற்ற வேண்டும். அது எழுந்து வழிவிடாது. ஒரு கண்ணை மட்டும் திறந்து பார்க்கும். அந்தக் கண் நீலம், மற்றது பழுப்பு. எந்தக் கண்ணால் பார்த்தாலும் பார்வையில் மரியாதை இருக்காது.

வீட்டில் ஏசி வைத்த அறை அது ஒன்றுதான். பழைய வயரிங், இன்னொன்று தாங்காது என்று வயரிங் வேலைக்கு வந்தவர் சொல்லிவிட்டார். சாமியை வேறு அறைக்கு மாற்றலாம் என்றால் கிழக்கு பார்த்த சுவர் அங்கேதான் இருக்கிறது. நாயை வெளியே கட்டலாம் என்றால் பத்து நிமிஷத்தில் நாக்கு தரையைத் தொடுகிறது. ஆகவே சாமியும் நாயும் ஒரே அறை. திருநீற்றுக் கிண்ணத்தில் முடி. விளக்குத் திரியில் முடி. வெள்ளிக்கிழமைச் சுண்டலில் தேங்காய்ப் பூ என்று நினைத்து எடுத்தால் அதுவும் முடி. எங்கள் வீட்டுக்காரர் வாரத்துக்கு இரண்டு நாள் மொட்டை மாடியில் வைத்து அதற்குச் சீவி விடுவார். உதிர்கிற முடி காற்றில் பறந்து பக்கத்து வீட்டு வற்றல் காய்கிற துணியில் போய் உட்காரும். எங்களுடையது முட்டைகூட நுழையாத வீடு. இப்போது பின்கட்டில் தனி அடுப்பு, தனிச் சட்டி, தினமும் மூன்று முட்டை. அதை நான் தொடுவதில்லை. அவர்தான் அவிக்கிறார். அறுபத்திரண்டு வயதில், துண்டை மூக்கில் கட்டிக்கொண்டு அவர் முட்டை உரிப்பதை நீங்கள் பார்க்க வேண்டும்.

எதற்கு இந்த வேதனை என்று கேட்பீர்கள். நாங்கள் வாங்கிய நாய் அல்ல. வின்னிபெக்கில் அவர் ரொட்டி ஃபேக்டரியில் வேலை பார்த்த காலத்தில், எங்கள் மகள் சங்கரி ஒருநாள் ஜாக்கெட்டுக்குள் வைத்துக் கொண்டுவந்த குட்டி அது. மிஷ்கா என்று பெயர் வைத்தாள். படிப்பு முடிந்து டொராண்டோவில் வேலை கிடைத்தது. அங்கே அவள் இருக்கும் கட்டடத்தில் பெரிய நாய்க்கு இடமில்லை. அதே சமயம் அவருக்கு முழங்கால் போய், நாங்கள் ஊர் திரும்புவது என்று முடிவாயிற்று. "ஆறு மாசம்தாம்மா, அதுக்குள்ள வேற வீடு பாத்திருவேன்" என்றாள். எந்தப் பிள்ளை எந்த ஆறு மாதத்தைக் காப்பாற்றியிருக்கிறது. தை மாதம் எங்கள் கூடவே கூண்டில் ஏறி விமானத்தில் வந்தது. நான் முதன்முதலாகக் கனடா போனபோது, கோவில் புற்றுமண்ணைச் சின்ன டப்பாவில் எடுத்துப் போனேன். நம் ஊரில் எந்த நோவுக்கும் முதல் மருந்து அதுதானே. விமான நிலையத்தில் ஒரு அதிகாரி அம்மாள் அதைத் திறந்து முகர்ந்து பார்த்து, என்ன இது என்று கேட்டாள். "மெடிசின்" என்றேன். எப்படிச் சாப்பிடுவீர்கள் என்றாள். நான் விரலால் நெற்றியில் தொட்டுக் காட்டி, பிறகு நாக்கிலும் தொட்டுக் காட்டினேன். "யூ ஈட் சாயில்?" என்று கேட்டுவிட்டு, என்னை ஒரு மாதிரி இரக்கத்தோடு பார்த்து, டப்பாவை அப்படியே குப்பையில் போட்டாள். என் ஊர் மண்ணில் ஒரு சிட்டிகைக்கு அங்கே அனுமதியில்லை. அவர்கள் ஊர் நாய் முத்திரை குத்திய தாளோடு இங்கே வந்து என் பூஜை அறையில் படுத்திருக்கிறது.

முடியைப் பொறுத்துக்கொள்ளலாம், முட்டையையும் பொறுத்துக்கொள்ளலாம். இந்த நாய் குரைக்காது. ஹஸ்கிக்குக் குரைக்க வராதாம். ஊளைதான். கழுத்தை நிமிர்த்தி, கண்ணை மூடிக்கொண்டு, அடிவயிற்றிலிருந்து இழுக்கும். நாய் ஊளையிட்டால் எமன் தெருவுக்குள் வந்துவிட்டான் என்று கேட்டு வளர்ந்தவள் நான். வின்னிபெக்கில் அது முதல் தடவை ஊளையிட்ட அன்று ஊருக்கு ஏழு பேருக்கு போன் போட்டு, எல்லாரும் உயிரோடு இருக்கிறார்களா என்று விசாரித்தேன். அடுத்த தடவை வாசலில் சூடம் ஏற்றினேன். பக்கத்து வீட்டு டக் என்ற வெள்ளைக்காரர் பனியில் நடந்து வந்து, என்ன விஷயம், எல்லாம் நலம்தானே என்று கேட்டார். எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் விளக்கினேன். "டாக் க்ரை. டுடே சம்படி டை" என்றேன். அவர் என்னையும், கையில் எரிகிற தட்டையும், நாயையும் பார்த்துக்கொண்டே இரண்டு அடி பின்னால் போனார். சாயங்காலம் சங்கரி அவர் வீட்டுக்குப் போய் அரைமணி நேரம் சமாதானம் சொல்லிவிட்டு வந்தாள். அங்கே உள்ளவர்களுக்கு அந்த ஊளை ஒரு பாட்டு மாதிரி. தெருவில் போகிறவர்கள் நின்று கேட்டுச் சிரித்து, சிலர் கூடவே ஊளையிட்டுவிட்டும் போவார்கள். எனக்கும் கொஞ்சம் கொஞ்சமாகப் பயம் தெளிந்தது. பிறகு ஒரு மார்ச் மாதத்து மத்தியானம் அது விடாமல் ஊளையிட்டது. ஒரு மணி நேரத்தில் ஊரிலிருந்து போன் வந்தது. என் அப்பா. டிக்கெட் கிடைத்து நான் வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிடும் என்றார்கள். நான் போகவில்லை. அன்றிலிருந்து அந்த நாயை நான் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை.

இப்போது எங்கள் வீடு அரசு மருத்துவமனைக்குப் போகிற வழியில் இருக்கிறது. ஆம்புலன்ஸ் சங்கு ஒலித்தால் இந்தச் சாதி நாய்க்குத் தன் கூட்டத்தில் ஒன்று கூப்பிடுவது போல் இருக்குமாம், பதில் சொல்லாமல் இருக்க முடியாதாம். கால்நடை டாக்டர் சொன்னார். ஆக, வண்டி போகும், இது ஊளையிடும். வண்டியில் போனவர் பிழைக்கவில்லை என்றால், எமன் வந்தது கனடாவுக்கு முன்னாலேயே தெரிந்துவிட்டது என்று தெருவில் பேசிக்கொள்வார்கள். மிஷ்கா என்று சொல்ல வாய் வராமல் தெருவே அதற்குக் கனடா என்று பெயர் வைத்துவிட்டது. பிழைத்து வீட்டுக்கு வந்தவர்களைப் பற்றி யாரும் எதுவும் சொல்ல மாட்டார்கள்.

பக்கத்து வீட்டு வேலாயுதம் அண்ணாச்சி விசைத்தறி வைத்திருந்தவர். நெஞ்சைத் திறந்து ஆபரேஷன் ஆகி, மாசியிலிருந்து கட்டிலில் இருக்கிறார். அந்தக் கட்டிலுக்கு நேரே ஜன்னல், ஜன்னலுக்கு நேரே எங்கள் சுவர். அவர் மனைவி செண்பகம் மதினி முதலில் ஜாடையாகத்தான் சொன்னாள். "ஏட்டி கோமதி, அதுக்கு மொட்டை அடிச்சி விடேன், சூடு கொறஞ்சா கத்தாதுல்லா." முடிதான் அதற்குக் குடை, எடுக்கவே கூடாது என்று டாக்டர் சொன்னதைச் சொன்னேன். "நல்ல குடை போ. அந்தக் குடை எங்க வீட்டுக் கொழம்புல கெடக்கு" என்றாள். பங்குனி கடைசியில் ஒருநாள் மூன்று தடவை ஆம்புலன்ஸ் போயிற்று, மூன்று தடவையும் ஊளை. மதினி வாசலுக்கு வந்து நின்றாள். உள்ளே வரவில்லை. "ஒனக்குத் தெரியாதது இல்ல கோமதி. நானும் நீயும் ஒரே கோயில்லதான் வெளக்குப் போடுதோம். எந் தாலிக்கு முன்னால நின்னு இது தெனமும் ஊளையிடுது. நான் என்ன செய்யட்டும், நீயே சொல்லு" என்றாள். சண்டை போட்டிருந்தால் நானும் போட்டிருப்பேன். அவள் அழுதாள். அவள் நம்புவதைத்தான் நானும் நம்புகிறேன்.

கொடைக்கானலில் தோட்டத்தோடு வீடு வைத்திருக்கும் ஒருவர் நாயை வாங்கிக்கொள்ளத் தயாராக இருப்பதாக எங்கள் வீட்டுக்காரரின் சிநேகிதர் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை வண்டி கொண்டு வருவார். நாய்க்கும் குளிர், எனக்கும் நிம்மதி. ஆனால் சங்கரியிடம் யார் சொல்வது. காலை ஆறரைக்கு, அவளுக்கு இரவுச் சாப்பாடு ஆன நேரத்தில், தினமும் வீடியோவில் வருகிறாள். அம்மா சாப்பிட்டியா, முழங்கால் எப்படி இருக்கு அப்பா என்றெல்லாம் கேட்க மாட்டாள். "மிஷ்கா எங்க? போனத் திருப்பு" என்பாள். நான் போனைத் திருப்பிப் பிடித்துக்கொண்டு நிற்பேன். அவள் கொஞ்சுவதை எல்லாம் நாயின் முதுகைப் பார்த்துக்கொண்டே கேட்பேன். நாய் போய்விட்டால் அந்த ஆறரை மணி என்ன ஆகும் என்று நினைத்தேன். முதல் வாரம் வருவாள். பிறகு ஞாயிறு மட்டும். பிறகு தீபாவளி, பொங்கல். நானே அங்கே இருந்தபோது என் அப்பாவுக்கு அப்படித்தான் செய்தேன். இதை எங்கள் வீட்டுக்காரரிடம் சொன்னேன். "அப்ப வச்சிக்கிடுவமா?" என்றார். "மதினிட்ட நீங்க போய்ச் சொல்லுங்க" என்றேன். அவர் முட்டை உரிக்கப் போய்விட்டார்.

வெள்ளிக்கிழமை கோவிலுக்குப் போய், அண்ணாச்சிக்கென்று புற்றுமண் வாங்கிக்கொண்டு, நாயை அனுப்பும் செய்தியையும் சொல்லிவிட்டு வரலாம் என்று அவர்கள் வீட்டுக்குப் போனேன். அண்ணாச்சி ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிப் படுத்திருந்தார். ஆள் பாதியாகியிருந்தார். நெற்றியில் மண்ணைத் தொட்டு வைத்துவிட்டுச் சொன்னேன். "அண்ணாச்சி, ஞாயித்துக்கெழம நாய கொடைக்கானலுக்கு அனுப்பிருதோம். இனிம ஒங்களுக்குத் தொந்தரவு இருக்காது."

"யாரு அனுப்பச் சொன்னா?" என்றார்.

நான் மதினியைப் பார்த்தேன். மதினி முந்தானையைச் சரி செய்தாள்.

"ஏட்டி செம்பகம், நீதானா? ஊளையிட்டா சாவு வரும்னா, நான் இதுக்குள்ள நாப்பது மட்டம் செத்திருக்கணும்லா. எத்தன பதினாறாம் நாளுக்கு எலை போட்ருப்ப நீ?"

"வாயக் கழுவுங்க. வெள்ளிக்கெழமையும் அதுவுமா" என்றாள் மதினி.

"நீ கேளு கோமதி" என்று என் பக்கம் திரும்பினார். "வீட்டுக்கு வந்த நாள்லருந்து எல்லாரும் மெல்லப் பேசுதாவ. சத்தம் ஆகாதுன்னு மவன் தறியக்கூட ஊருக்கு வெளிய கொண்டு போய்ட்டான். நாப்பது வருசம் தறிச் சத்தத்துல ஒறங்குனவன் நான். இப்பம் காத அடைச்சாப்ல கெடக்கேன். இருக்கமா போய்ட்டமான்னே சில நேரம் தெரியல. அந்த வண்டி போவும். ஒங்க கனடா கத்தும். சரி, வண்டில போறது நாம இல்ல, இங்கனதான் கெடக்கோம்னு தெரிஞ்சிக்கிடுவேன். அதையும் அனுப்பிட்டா நான் யார்ட்ட கேட்டுத் தெரிஞ்சிக்க?"

மதினி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "கண்ணு வேற ஒண்ணு ஒரு நெறம், இன்னொண்ணு ஒரு நெறம்" என்று மெல்ல முனகினாள். கடைசியாக அவளிடம் மிச்சமிருந்த புகார் அது.

"நம்ம சாமியே பாதி பாதிதாம்ட்டி" என்றார் அண்ணாச்சி. நாயையும் சாமியையும் சேர்த்துச் சொல்லலாமா என்று நான் கன்னத்தில் போட்டுக்கொண்டேன். அவர் சிரித்தார், தையல் இழுத்திருக்க வேண்டும், உடனே நிறுத்தினார்.

நான் எழுந்தபோது மதினி வாசல் வரை வந்தாள். "அவரு சொல்லுதாருன்னு விடுதேன். ஆனா வெள்ளிக்கெழம மட்டும் ஊளையிடக் கூடாது, ஆமா."

"அதுக்குக் கெழம தெரியாது மதினி."

"நீ சொல்லிக் குடு. கனடாவுல இருந்துதான வந்திருக்கு, அறிவு இருக்கும்லா."

வீட்டுக்கு வந்து ஸ்வெட்டரை மாட்டிக்கொண்டு விளக்கின் முன்னால் உட்கார்ந்தேன். ஏழு வருஷமாக அது தினமும் ஊளையிட்டிருக்கிறது. என் அப்பா ஒருநாள்தான் இறந்தார். இந்தச் சின்ன விஷயம் எனக்கு இத்தனை காலம் பிடிபடவில்லை. போகாமல் இருந்தது நான், பழியைச் சுமந்தது அது. அதன் நெற்றியில் கொஞ்சம் திருநீறு வைத்தேன். தும்மிவிட்டு, தலையை உதறி, அம்மன் படத்தின் கண்ணாடி முழுக்க முடியைத் தெறிக்கவிட்டது. "மிஷ்கா" என்று திட்டினேன். வாலை ஒரு தடவை ஆட்டியது. கொடைக்கானல்காரருக்கு எங்கள் வீட்டுக்காரர் போன் செய்து, வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

பழக்கம் ஒன்றும் மாறவில்லை. வின்னிபெக்கில் இது வாசல் கதவின் குறுக்கே, தலை பனியிலும் பின்பக்கம் வீட்டுக்குள்ளும் கிடக்கும். வீடு முழுக்கக் குளிரும், உள்ளே வா அல்லது வெளியே போ என்று நான் கத்துவேன். இங்கே ஏசி அறையின் வாசலில், தலை உள்ளே, வால் வெளியே. கதவைச் சாத்த முடியாது, மின்சாரம் வீணாகிறது, கத்துகிறேன். இன்று காலையும் அப்படித்தான். இழுத்துப் பார்த்து முடியாமல், அதன் பக்கத்திலேயே நிலைப்படியில் உட்கார்ந்துவிட்டேன். உள்ளே இருந்த கை ஸ்வெட்டருக்குள் விறைத்தது. வெளியே இருந்த கை வியர்த்ததால் அந்தப் பக்கத்தை மட்டும் கழற்றிவிட்டுப் பனைவிசிறியால் வீசிக்கொண்டேன். ஆறரைக்குச் சங்கரி வந்தாள். "என்னம்மா இது கோலம், பாதி ஸ்வெட்டர்? உள்ள இருக்கியா வெளிய இருக்கியா?" என்று கேட்டாள். அவள் என்னைப் பற்றிக் கேட்டு எத்தனையோ நாளாயிற்று. பதில் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் ரோட்டில் ஆம்புலன்ஸ் போயிற்று. மிஷ்கா கழுத்தை நிமிர்த்தி, கண்ணை மூடி இழுத்தது. டொராண்டோவில் அவளும் கூடவே ஊளையிட்டாள். இரண்டும் அடங்கியதும், சுவருக்கு அந்தப் பக்கம் அண்ணாச்சியின் மெலிந்த குரல் கேட்டது.

"இருக்கேம்டே. இங்கனதான் இருக்கேன்."